ரிங்கில் பட்டதா

ஐலா ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "இன்னிக்கு கிளாக்ல யாரு?" என்று கேட்டார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினொண்ணரை ஆகுதுப்பா."

"அது இல்ல," என்றாள் கோலீன் சமையலறையிலிருந்து. "ஸ்கூல் கிளாக்கைக் கேக்கறார். இன்னிக்கு சனிக்கிழமை. ரெண்டு மணிக்கு பொண்ணுங்க மேட்ச்."

முன் அறையில் இருந்த சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, சன்னல் பக்கம் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். வெளியே கடல் ஓரளவு வற்றி, சிப்பி வளர்க்கும் பாத்திகள் மழையில் கருத்துக் கிடந்தன. நாற்பது வருடம் அப்பா ரெய்னோ கொஸ்கெலா வேலை செய்த சேறு அது. காலையில் வந்த நர்ஸ் அவருடைய காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"கோர்டி உக்கார்றானாம்," என்றாள் கோலீன்.

ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "கோர்டிக்குப் பந்து சுவத்துல பட்டாலும் ரீசெட்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அதற்கப்புறம் கை போர்வையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. விட்டுப் பிடித்தது, மறுபடி இழுத்தது.

கூடைப்பந்தில், பந்து கைக்கு வந்தால் முப்பது வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும்; எறிந்த பந்து இரும்பு வளையத்தில் பட்டாக வேண்டும். பட்டால் மறுபடி முப்பது, அதுதான் ரீசெட். படாவிட்டால், மிச்சமிருக்கிற வினாடிகள்தான். பட்டதா படவில்லையா என்று பார்த்து, ஷாட் கிளாக் என்கிற அந்தக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்துகிற ஒரு ஆள் மேசையில் உட்கார்ந்திருப்பார். எழுநூறு பேர் வசிக்கிற அந்த ஊரில் ஐலா பள்ளியில் சேருவதற்கு முன்பிருந்தே அந்த ஆள் ரெய்னோதான். குளிர்காலத்தில் கடல் இரவில்தான் நன்றாக வற்றும். சிப்பி எடுக்கும் ஆட்களுக்கு வேலை இரவில்தான். ஆட்டம் உள்ள நாளில் மட்டும் அவர் யாரிடமாவது முறை மாற்றிக்கொண்டு, குளித்து, நகத்திலிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு அரங்கத்துக்கு வந்துவிடுவார்.

"நீ போயேன்," என்றாள் கோலீன். "நீ ஆடினவதானே. நீ உக்காந்தா இவர் தூங்குவார்."

"இந்த நிலைமைல இவர விட்டுட்டா?"

"நான் இருக்கேன். ரெண்டு மணி நேரம்தான். எதாச்சும் ஆச்சுன்னா போன் பண்றேன், மூணு நிமிஷத்துல வந்துடலாம்." கோலீன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தாள். குனிந்து அவர் காதருகே, "ரெய்னோ, ஐலா போறா" என்றாள். போர்வையை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது கோலீன் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். "வரும்போது உங்கம்மாவக் கூட்டிட்டு வா."

ஐலா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து ரெண்டு தடவ மார்ல்னு கூப்பிட்டார். மார்லிஸ்னு கூட இல்ல, மார்ல்னு. நான் கேட்டா வரமாட்டா. நீ கேளு."

"நான் கேட்டா மட்டும்?"

"கேளு," என்றாள் கோலீன்.

ஐலாவுக்குப் பதினைந்து வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். தூரமெல்லாம் போகவில்லை, சிப்பி உரிக்கிற கொட்டகையில் கணக்கு எழுதிய கோலீன் வீட்டுக்கு, நான்கு தெரு தள்ளி. அந்த ஆண்டு நவம்பரில் ஊரே பார்க்கக் காத்திருந்தது ஒரு விஷயத்தைத்தான். ஸ்கோர் புத்தகம் எழுதுவது மார்லிஸ், ஷாட் கிளாக் ரெய்னோ. ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருவரில் யார் வராமல் இருப்பார்கள்? முதல் ஆட்டத்துக்கு இருவரும் வந்தார்கள். இருக்கிற இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அதற்கப்புறமும் இருபத்து மூன்று குளிர்காலம் அப்படியே உட்கார்ந்தார்கள். மேசைக்கு வெளியே, மளிகைக் கடையில் எதிரெதிரே வந்தால்கூட, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அரங்கத்தில் பாப்கார்ன் வாசனையும் ஈர மழைக்கோட்டு வாசனையும் கலந்து கிடந்தன. ஐலா மேசைக்குப் போனபோது கோர்டி ஏற்கெனவே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, சாஸ் தொட்ட விரலால் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"அப்பாடா. நான் காலைல இருந்து பயந்துட்டே இருக்கேன். உங்கப்பா செத்தா ஆவியா வந்து அடிப்பாரு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது அவனுக்கு. "ஐலா, நான் அப்படி..."

"பரவால்ல கோர்டி. அடிச்சாலும் அடிப்பாரு."

அம்மா தலை நிமிரவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். எழுபது வயதாகப்போகிறது, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். "எப்படி இருக்கான்?" என்றாள்.

"நர்ஸ் இன்னிக்கோ நாளைக்கோங்கறா."

அம்மா பென்சில் சீவலை உள்ளங்கையில் சேர்த்து, குப்பைத்தொட்டி வரை நடந்து போய்க் கொட்டிவிட்டு வந்தாள். "சிவப்புப் பொத்தான் ரீசெட். இந்த ஸ்விட்ச் மேல தள்ளினா ஓடும், கீழ தள்ளினா நிக்கும். விசில் ஊதினா நிறுத்து. கைய ஸ்விட்ச்ல இருந்து எடுக்காத."

"தெரியும்மா."

"தெரியும்னுதான் எல்லாரும் உக்கார்றாங்க."

வயதான ரெஃபரி ஒருவர் ஆட்டம் தொடங்குமுன் மேசைக்கு வந்து ஐலாவின் தோளைத் தொட்டார். "உங்கப்பாகிட்ட சொல்லும்மா. வேற ஊர் போனா ஒரு கண்ணு பந்துல, ஒரு கண்ணு கிளாக்ல வெச்சிருப்பேன். இங்க வந்தா ரெண்டு கண்ணும் பந்துலதான். சொல்றியா?"

"சொல்றேன்."

பந்தை மேலே எறிந்தார்கள். ஐலா ஸ்விட்சைத் தள்ளினாள். சிவப்பு எண்கள் இரண்டு கூடைகளுக்கும் மேலே இறங்கத் தொடங்கின. ஆடுகிறபோது அந்த எண்களை ஓரக்கண்ணால்தான் பார்த்திருக்கிறாள். ஓடவைப்பது வேறாக இருந்தது. பந்து எங்கே என்று பார்த்தால் போதாது. யார் கையில் முழுதாக வந்தது, யார் வெறுமனே தட்டினார்கள், விசில் யாருக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் விரலுக்கு வரவேண்டும். ஐந்து நிமிடத்தில் கழுத்து வியர்த்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது.

"பட்டுது."

அம்மா பென்சிலைப் புத்தகத்தில் வைத்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. ஐலா பொத்தானை அழுத்தினாள். அடுத்த முறை பந்து அந்தப் பக்கத்துக் கோடிக் கூடைக்குப் போனது. "படல," என்றது அதே குரல். மறுபடி, "பட்டுது." உதடு அசைவதுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு எறிக்கும், அந்தக் கோடிக் கூடைக்கு மட்டும்.

"அம்மா, எனக்குத் தெரியுது," என்றாள் ஐலா.

பென்சில் நின்றது. அம்மா இந்தப் பக்கம் திரும்பவில்லை. "சரி," என்றாள்.

அதற்கப்புறம் முணுமுணுப்பு வரவில்லை. ஐலாவும் ஆட்டத்தில் மூழ்கிப்போனாள். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போய், கோர்டி இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிறகுதான் அது மனதில் வந்து விழுந்தது. அப்பாவின் கண். நடுவில் புகை படிந்த மாதிரி இருக்கிறது என்று சொல்வார். சாயந்திரம் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆட்டத்துக்குக் கோலீன்தான் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவாள்.

"எத்தன நாளாம்மா?"

அம்மா காப்பியை ஊதினாள். என்ன கேட்கிறாய் என்று கேட்கவில்லை. "மூணு சீசனா. ஒரு பந்து, கிட்டயே போகல, இவன் ரீசெட் அடிச்சான். ரெய்னோ அந்த மாதிரி அடிக்கற ஆள் இல்ல. திரும்பிப் பாத்தேன், கண்ணச் சுருக்கிட்டு உக்காந்திருந்தான். அடுத்த பந்துக்கு நான் சொன்னேன். அதுக்கடுத்ததுக்கும் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவான்? அழுத்தினான்."

"அதப்பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லியா?"

"அதான் பேசினோமே," என்றாள் அம்மா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டல் போட ஆரம்பித்தாள்.

இரண்டாம் பாதியில், கடைசி நிமிடங்களில், ஐலா தப்புப் பண்ணினாள். ஒரு புள்ளிதான் வித்தியாசம். வெளியூர் அணிப் பெண் ஒருத்தி மூலையிலிருந்து எறிந்தாள்; பந்து வளையத்துக்குக் கீழே காற்றில் போனது; அவள் அணிக்காரியே பிடித்துவிட்டாள். ஐலாவின் விரல் தன்பாட்டில் அழுத்திவிட்டது. ஒன்பதில் இருந்தது முப்பதுக்குப் போனது. உள்ளூர்ப் பயிற்சியாளர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பெஞ்சுகளிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. விசில். கிழ ரெஃபரி மேசைக்கு நடந்துவந்தார்.

"ரிங்ல பட்டுதா?"

ஐலா கூடைக்கு மேலிருந்த முப்பதைப் பார்த்தாள்.

"படல," என்றாள் மார்லிஸ். "ஒம்போது இருந்துது."

ரெஃபரி அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. கடிகாரத்தில் ஒன்பது வைத்தார்கள். ஆட்டம் மறுபடி ஓடியது. பந்து அந்தக் கோடிக் கூடையை நோக்கி எழும்புகிற நேரத்தில் ஐலா தாழ்ந்த குரலில், "அம்மா, சொல்லு" என்றாள்.

"பட்டுது," என்றாள் அம்மா. அதன் பிறகு கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று புள்ளியில் தோற்றார்கள். அரங்கம் காலியாகிற வரைக்கும் அம்மா எழவில்லை. கூட்டலைச் சரிபார்த்தாள், ரெஃபரியிடம் கையெழுத்து வாங்கினாள், பத்திரிகைக்குப் போன் போட்டு ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். கிளாக்கின் வயரை அப்பா சுற்றுகிற மாதிரியே முழங்கையில் போட்டுச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஐலா கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, வீட்டுக்கு வர்றியா? அப்பாவப் பாக்க."

"அந்த வீட்டுக்கா?"

"கோலீன்தான் கூட்டிட்டு வரச் சொன்னா."

"அவ வீட்டுக்குள்ள நான் கால் வெச்சதில்ல."

"தெரியும்."

"அங்க வந்து அவன்கிட்ட என்ன பேசறது? ஆட்டத்தத் தவிர எங்களுக்குப் பேச என்ன இருக்கு?"

அம்மா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் தின்பண்டம் விற்கிற சன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அலுமினியத் தாளில் சுற்றிய ஏதோ இருந்தது.

"இலவங்கப்பட்ட போட்ட இனிப்பு ரோல். மிஞ்சிப்போச்சுன்னு குடுத்தாங்க," என்றாள். "வெறுங்கையோட போக முடியாது."

காரில் ஏறியதும் ஐலா வைப்பரைப் போட்டாள். ஐலாவுக்குப் பல வருடமாகக் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இப்போது கேட்க முடிந்தது.

"அப்பா போனப்போ நீ ஏம்மா அந்த மேசைய விடல? யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க."

"விடலாம்னுதான் இருந்தேன். அவனும் விடறேன்னு போய்ச் சொன்னானாம் ஸ்கூல்ல." அம்மா மடியிலிருந்த பொட்டலத்தின் ஓரத்தை மடித்துவிட்டாள். "நீ அந்த வருஷம்தான் பெரிய டீம்ல சேந்த. ரெண்டு நாற்காலில ஒண்ணு காலியா இருந்தா நீ பந்தப் பாப்பியா, நாற்காலியப் பாப்பியா? அதான் அவன்கிட்ட போன்ல சொன்னேன். சரின்னான்."

ஐலா சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். அந்த ஊரில் அது ஒன்றுதான் விளக்கு. ஆடிய காலத்தில், எறிந்துவிட்டுத் திரும்பி ஓடும்போதெல்லாம் மேசைப் பக்கம் ஒரு பார்வை போகும். இரண்டு தலை தெரியும். அதற்குமேல் அவள் யோசித்ததில்லை. இரண்டு தலை தெரிந்ததே போதுமாக இருந்தது.

"நான் காலேஜ் போயிட்டேனே. அப்புறம்?"

"அப்புறம் வேற யார் இருக்கா?" என்றாள் அம்மா. "கோர்டியா?"

விளக்கு மாறியதைக்கூட ஐலா கவனிக்கவில்லை. அம்மா, "போ" என்றாள்.

கோலீன் கதவைத் திறந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மார்லிஸ்."

"கோலீன். ஷூவக் கழட்டணுமா?"

"வேண்டாம், அப்படியே வா." ஆனால் மார்லிஸ் குனிந்து கழற்றினாள். நிமிர்ந்து பொட்டலத்தை நீட்டினாள். கோலீன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இன்னும் சூடா இருக்கே" என்றாள்.

கட்டிலருகே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. கோலீன் அதைத் தள்ளிப் போட்டாள். மார்லிஸ் உட்கார்ந்தாள், கட்டிலுக்கு நேராக இல்லாமல், மேசையில் உட்காருவதுபோல அவரும் தானும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி, சன்னலைப் பார்த்து. ரெய்னோவின் கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"தோத்துட்டோம்," என்றாள் மார்லிஸ். "மூணு பாயின்ட்ல."

அவர் புருவம் அசைந்தது.

அவள் ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் எறி யாருடையது, யார் தட்டினார்கள், யார் விழுந்தார்கள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பிள்ளைகள் பெயரைச் சொல்லாமல் சட்டை எண்ணையே சொன்னாள். அவருக்கு அது போதும். இடையில் நிறுத்தி அவர் மூச்சைக் கவனிப்பாள், மறுபடி சொல்வாள். ஐலா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சமையலறையில் காப்பி இறங்குகிற சத்தம் கேட்டது.

"பதினொண்ணு மூலைல இருந்து போட்டா," என்றாள் மார்லிஸ்.

"பட்டுதா?"

அவ்வளவு மெல்லிய குரல். மூவருக்கும் கேட்டது.

"பட்டுது. வெளிய வந்துடுச்சு."

இன்னும் கொஞ்சம் சொன்னாள். கடைசி நிமிடங்களுக்கு வந்தாள். "அப்புறம் உன் பொண்ணு ஒண்ணு பண்ணா. படவே இல்ல, ரீசெட் அடிச்சுட்டா."

ரெய்னோவின் நெஞ்சு குலுங்கியது. ஐலா ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். பிறகுதான் அது சிரிப்பென்று தெரிந்தது.

"என் பொண்ணா?"

"உன் பொண்ணுதான். என் பொண்ணா இருந்தா அடிச்சிருக்க மாட்டா."

"அந்தக் கிழ ரெஃபரி ஒண்ணு சொல்லச் சொன்னார்ப்பா," என்று ஐலா ஆரம்பித்தாள். இங்கே வந்தால் இரண்டு கண்ணும் பந்தில்தான் என்று அவர் சொன்னதைச் சொன்னாள். அப்பா கேட்டாரா என்று தெரியவில்லை. சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஏறிவந்த தண்ணீர் பாத்திகளை மூடிவிட்டிருந்தது.

"மார்ல்."

"ம்."

"தேங்க்ஸ்."

"எதுக்கு?"

"கண்ணுக்கு."

மார்லிஸ் சன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைக் கையில் எடுத்து, ஸ்வெட்டர் நுனியால் துடைத்தாள். "சரி. தூங்கு," என்றாள்.

வாசல் நிலையில் காப்பிக் கோப்பைகளோடு கோலீன் நின்றிருந்தாள். ஐலா ஒன்றை வாங்கிக்கொள்ளப் போனபோது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கண்ணு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். தூரத்துல எதுவும் தெரியாதுன்னார். எப்படித்தான் அங்க உக்காந்து சமாளிக்கறாரோன்னு மூணு வருஷமா நினைச்சிட்டே இருந்தேன். கேட்டா, பழகின இடம்னுவார்." அவள் உள்ளே போய், சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலின் மறுபக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோப்பையைக் கட்டிலின் மேலாக மார்லிஸிடம் நீட்டினாள். மார்லிஸ் வாங்கிக்கொண்டாள்.

அன்று மார்லிஸ் வீட்டுக்குப் போகவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலை, சர்ச் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ரெய்னோ போய்விட்டார். மூச்சு ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வந்தது, அடுத்தது வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள், வரவில்லை. கோலீன் அவர் நெற்றியில் முத்தமிட்டாள். ஐலா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிப்பி ஓடு கிழித்த பழைய தழும்புகளெல்லாம் அந்தக் கையில் இருந்தன. மார்லிஸ் எழுந்து போய்ச் சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்தாள். உப்புக் காற்று வந்தது.

உடலை எடுத்துப்போகப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். ஒருவன் ஐலாவோடு ஆடியவளின் தம்பி. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கு டிரைவிங் சொல்லிக்குடுத்ததே இவர்தான்" என்றான். "என் அப்பாவுக்குப் பொறுமை இல்லன்னு, இவரே கூப்பிட்டு டிரக்ல உக்கார வெச்சார்." அவர்கள் அவரைப் பதமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை விட்டிருந்தது. வண்டி திருப்பத்தில் மறையும் வரை மூவரும் வாசலில் நின்றார்கள்.

உள்ளே வந்ததும் கோலீன் அறை நடுவில் நின்றுவிட்டாள். எதைத் தொடுவது என்று தெரியாதவள்போலக் கையை ஒருமுறை நீட்டி, மடக்கிக்கொண்டாள். "கட்டில எடுக்க நாளைக்குத்தான் வருவாங்க," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மார்லிஸ் ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றினாள். தலையணையை எடுத்து ஐலாவின் கையில் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் செருகியிருந்த போர்வையை உருவினாள். அது கனத்த கம்பளிப் போர்வை. ஓரம் தரையில் சரிந்தது. கோலீன் மறுபக்கம் வந்து அந்த ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

இருவரும் பின்னால் நடந்து போர்வையை இழுத்து விரித்தார்கள். ஒருமுறை உதறினார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். பிறகு மார்லிஸ் தன் பக்க நுனிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்; கோலீனும் நடந்தாள். நடுவில் வந்து, ஒருத்தியின் விரலிலிருந்து மற்றவள் நுனியை வாங்கிக்கொண்டாள். குனிந்து கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி பின்னால் போனார்கள்.